அரூருக்கு மூன்று நாள் வழி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் பதினெட்டு வருஷமாக வேலை, சொந்த ஊர் அரூர். பொங்கலுக்குப் பொங்கல் விடியற்காலையில் கிளம்பி நான்கு மணி நேரத்தில் வீடு சேர்ந்துவிடுகிறீர்கள். இந்த முறை போகிக்கு முன்னால் மூன்று நாள் கையில் இருக்கிறது. மனைவியையும் எட்டாவது படிக்கும் பையனையும் காரில் கூட்டிக்கொண்டு, தர்மபுரியில் உங்களோடு கல்லூரியில் படித்த நான்கு பேரையும் பார்த்துவிட்டுப் போக ஆசை. ஓசூரில் ஒருவர் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார், ராயக்கோட்டையில் ஒருவர் தக்காளி மண்டி, காவேரிப்பட்டணத்தில் ஒருவர் பள்ளி ஆசிரியர், பென்னாகரத்தில் ஒருவர் மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரரோடு எட்டு வருஷமாகப் பேச்சில்லை. எந்த வழியில் போகலாம், எங்கே தங்கலாம், வழியில் என்ன பார்க்கலாம்?

என் ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். இந்தச் சாலைகளில் பஸ்ஸில், பைக்கில், காரில் எல்லாம் போயிருக்கிறேன், எல்லாத் தப்பும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் மேப்பை மூடி வையுங்கள். இந்தப் பயணத்துக்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை. நான்கு பேருக்கும் நான்கு தொழில். ஒவ்வொரு தொழிலுக்கும் ஆள் கைக்குக் கிடைக்கிற நேரம் ஒன்று உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் வழி தானாக அமைந்துவிடும். ஒரு ஜூன் மாதம் குடும்பத்தோடு கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் நண்பரைப் பார்க்கப் போனேன். கிருஷ்ணகிரியில் ஜூன் என்றால் பெங்களூரா மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிற மாதம். மனிதர் இரண்டு எடைகளுக்கு நடுவில் பத்து நிமிஷம் வந்து நின்றார். என் பெண்ணிடம் என்ன படிக்கிறாய் என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் பதிலைக் கேட்கவில்லை. கிளம்பும்போது டிக்கியில் ஒரு கூடை பழத்தை ஏற்றிவிட்டார். பார்த்தோம் என்று பெயர், அவ்வளவுதான். தப்பு அவர்மேல் இல்லை, போன மாதத்தின்மேல்.

உங்கள் நான்கு பேருக்கும் வருவோம். ரோஜாக்காரர் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார். பூவெட்டி, தரம் பிரித்து, கட்டி அனுப்ப ஒன்பது மணியாகும். அப்புறம் அவர் உங்களுக்குத்தான். ஆனால் ஜனவரி அவருக்கு ஒரு மாதிரியான மாதம். பிப்ரவரி 14க்கு வெளிநாடு போகிற பூவுக்காக, ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு முன்பே செடியைக் கவாத்து செய்துவிட்டு, தளிர் சரியான நாளில் மொட்டாகுமா என்று தவித்துக்கொண்டிருப்பார். பேச்சு நடுவில் எழுந்து பசுமைக்குடிலுக்குள் போய்விட்டு வருவார். கோபித்துக்கொள்ளாதீர்கள், கூடவே நீங்களும் போங்கள். தக்காளி மண்டிக்காரருக்குக் காலை ஏலம் முடிந்து, லாரி ஏற்றி, கணக்குத் தீர மதியம் தாண்டும். அதற்குமுன் போனால் என் மாங்காய்க் கதைதான். ஆசிரியர் மாலை நாலரைக்குமேல். மருந்துக்கடைக்காரருக்கு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது, ஆனால் கடையை விட்டு நகரமுடியாது. இரவு ஷட்டர் இறங்கிய பிறகுதான் அவர் மனிதர்.

இதை வைத்துப் பார்த்தால் முதல் நாள் ஓசூர், ராயக்கோட்டை, இரவுக்குக் காவேரிப்பட்டணம். இரண்டாம் நாள் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம். மூன்றாம் நாள் தர்மபுரி, அரூர். பெங்களூருவிலிருந்து நேராக வந்தால் 170, 180 கிலோமீட்டர். இப்படிச் சுற்றினால் 240 பக்கம் வரும். மூன்று நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 80. மாட்டுவண்டிக்காரர்கூட இதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகப் போயிருப்பார்.

ஓசூர் தாண்டியபின் 44ம் எண் நெடுஞ்சாலையை நீங்கள் கிட்டத்தட்ட மிதிக்கவே வேண்டியதில்லை என்பது இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம். பொங்கலுக்கு முந்தின நாட்களில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றவருக்கு இதன் அருமை தெரியும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு வருகிற சாலைக்கு இப்போது 844 என்று எண் கொடுத்து அகலமாக்கியிருக்கிறார்கள். நல்ல சாலைதான், ஆனால் அது ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. ராயக்கோட்டைக்குள் இறங்குகிற பழைய பிரிவைத் தவறவிட்டுவிடாதீர்கள். இதே தடத்தை ஒட்டி ஒரு காலத்தில் சின்ன ரயில் ஒன்று ஓடியது: மொரப்பூரில் தொடங்கி தர்மபுரி வழியாக ஓசூர் வரை குறுகிய பாதை. 1941ல் அதை மூடினார்கள். இப்போது நீங்கள் ராயக்கோட்டையில் பார்க்கிற சேலம்–பெங்களூரு பாதை பிற்பாடு போட்டது.

முதல் நாள் காலை ஏழுமணிக்குமுன் கிளம்பாதீர்கள். மார்கழிப் பனி ஓசூர்ப் பக்கம் எட்டு மணிவரைகூட இறங்கி நிற்கும். ரோஜாக்காரர் வீட்டில் டிபன். அங்கேயே மதியச் சாப்பாட்டுக்கும் பிடித்து நிறுத்தப் பார்ப்பார், அசையாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்றால் ஒரு வீட்டில் சாப்பாடு, ஒரு வீட்டில் காபி. இதை நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரே மதியத்தில் இரண்டு வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் களி உருண்டையை வைத்துவிட்டு அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டேன். பாலக்கோடு தாண்டுவதற்குள் காரை நிறுத்திவிட்டு ஒரு புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன்.

ஓசூர் தாண்டினால் தொரப்பள்ளி. ராஜாஜி 1878ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். பையனுக்கு அரைமணி நேரம் சரியாக இருக்கும். அதன்பின் சானமாவுக் காட்டை ஒட்டிப் போகிறீர்கள். கேழ்வரகு அறுப்புக் காலத்தில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டம் இந்தக் காட்டில் தங்கும், தை மாசியில்தான் திரும்பும். பகலில் பயமில்லை. இருட்டில் இந்தப் பாதை வேண்டாம். உள்ளூர்க்காரர் கையைக் காட்டி நிறுத்தினால் நின்றுவிடுங்கள், என்ன ஏது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ராயக்கோட்டையில் சாப்பாடு. நீங்கள் போகிற நேரம் அவரைக்காய்க் காலம். என்ன செய்யட்டும் என்று மண்டிக்காரர் கேட்டால் பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் முந்தின நாளே சொல்லவேண்டும். கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுக்கிற வேலை அது. ஒருத்தியாக உட்கார்ந்து பிதுக்கினால் ஒரு பொழுது போய்விடும். ஊருக்குமேலே நிற்கிற மலைக்கோட்டையை 1791ல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்தார்கள். களி சாப்பிட்டுவிட்டு அதில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். திண்ணையில் படுங்கள், மண்டிக்காரரும் தூங்குவார்.

தங்குவதைப் பற்றி. லாட்ஜா, வீடா என்று கேட்டீர்கள். வீட்டில்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. நண்பரிடம் சொன்னதை அவர் வீட்டில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நண்பன் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். 'வாங்கண்ணா' என்று சிரித்த முகத்தோடு அழைத்த அவன் மனைவி, அடுத்த நொடி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தோம், அவன் மறந்துவிட்டான். ரவை உப்புமா அரைமணியில் வந்தது, அருமையாகவும் இருந்தது, அதை விழுங்கத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டம்மாவுக்கே போன் செய்துவிடுகிறேன்: எத்தனை பேர், எத்தனை வேளை, எப்போது கிளம்புவோம், யாருக்குக் காரம் ஆகாது. உங்கள் விஷயத்தில் உங்கள் மனைவி பேசினால் இன்னும் நல்லது. பேசிவிட்டால் பாதி அறிமுகம் முடிந்துவிடும், போய் இறங்கும்போது அவரும் சும்மா சோபா ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமானைப் பற்றி எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஔவை அவனைப் பாடிய வேறொரு பாட்டுத்தான் பிடிக்கும். ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பல நாள், அதுவும் பலரைக் கூட்டிக்கொண்டு போனோம். அப்போதும் முதல் நாள் போலவே வரவேற்றான் என்கிறாள். அந்த மண்ணில்தான் நீங்கள் போகிறீர்கள். ஆனால் அதியமான் வீட்டில் அடுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஔவை சொல்லவில்லை.

ராயக்கோட்டையிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால் கிருஷ்ணகிரி வழியாக ஆறு, ஆறரைக்குக் காவேரிப்பட்டணம். நடுவில் கே.ஆர்.பி. அணை. வறுத்த மீன் வாசனை சாலைவரை வந்து கூப்பிடும். ஆசிரியர் வீட்டில் இரவுச் சாப்பாடு காத்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள், அல்லது ஒரே ஒரு துண்டு. பெயரில் காவேரி இருந்தாலும் ஊர் இருப்பது தென்பெண்ணைக் கரையில். மறுநாள் நீங்கள் போகிற பென்னாகரம்தான் காவிரிப் பக்கம். காலையில் நிப்பட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்து கொறிக்க அதைவிட நல்லது இந்த மாவட்டத்தில் இல்லை. ஆசிரியருக்குப் பொங்கல் லீவு விட்டிருக்காது, எட்டரைக்கு அவர் பள்ளிக்குக் கிளம்பும்போதே நீங்களும் கிளம்பிவிடுங்கள். விருந்தாளி இருக்கிறார் என்று லீவு போடுகிறேன் என்பார். விடாதீர்கள்.

இரண்டாம் நாள் பாதையில் ஒன்றே ஒன்றுதான் ஆபத்து, அதைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். தை பிறக்கும் சமயத்தில் எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளே களம். கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பி விடுவார்கள், போகிற வண்டி மிதித்தே மணி உதிர்ந்துவிடும். கேழ்வரகுமேல் மெதுவாகப் போகலாம். கொள்ளுச் செடி அப்படி இல்லை. காய்ந்த கொடி காரின் அடியில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். தீப்பிடித்த கார்கள் உண்டு. ஓரமாக ஒதுங்கப் பாருங்கள், முடியாவிட்டால் தாண்டியதும் நிறுத்திக் குனிந்து அடியில் பாருங்கள், ஒட்டியிருந்தால் இழுத்துப் போடுங்கள். களத்துக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். சிமெண்ட் களம் எல்லா ஊரிலும் இல்லை.

பாப்பாரப்பட்டியில் கட்டாயம் நில்லுங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23ல் கண்மூடிய ஊர். சிறையில் பிடித்த தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மனிதர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். ஏசி போட்ட காரில் மூன்று நாள் பயணம் என்று சிணுங்கும் பையன் வைத்திருப்பவர்கள் அந்த மணிமண்டபத்தில் இதைச் சொல்லலாம். நான் என் பையனிடம் சொன்னேன். பலன் பெரிதாக இல்லை, ஆனால் இன்றும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

இனிப் பென்னாகரம். நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் தாண்டிப்போன இடம் இதுதான். பேச்சு நின்றதற்கு என்ன காரணம் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் தர்மபுரியைத் தாண்டும்போது பென்னாகரம் பலகை உங்கள் கண்ணில் பட்டிருக்கும், அது போதும் எனக்கு.

இவர் ஒருவருக்கு மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள், கடைக்குப் போங்கள். வீட்டுக்குப் போனால் அவர் வரவேற்றே ஆகவேண்டும். மனைவி, பிள்ளைகள் முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு பேருமே நடிக்கவேண்டியிருக்கும். கடையில் அந்தச் சங்கடம் இல்லை. நடுவில் ஒரு மேஜை இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது. குடும்பத்தைப் பஸ்நிலையத்துப் பக்கம் டீக்கடையில் விட்டுவிட்டு மதியம் இரண்டரைக்கு நீங்கள் மட்டும் போங்கள். தலைவலி மாத்திரை கேளுங்கள். நிஜமாகவே தலைவலி இருக்கும். பழைய கணக்கை எடுக்காதீர்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் முதல் பத்து நிமிஷத்தில் வேண்டாம். அவர் 'எங்க தங்குற?' என்று கேட்டால் சரி, வேலை முடிந்தது. கேட்காமல் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தர்மபுரி முப்பது கிலோமீட்டர், அங்கே தங்க இடம் கிடைக்கும். காவேரிப்பட்டணத்து ஆசிரியரை முதல் நாள் இரவே ஒரு போன் செய்யச் சொல்லலாம். சமாதானம் பேச வேண்டாம். 'நாளைக்கு அவன் உன் பக்கம் வர்றான்' என்ற ஒரு வரி போதும். எதிர்பாராமல் வந்து நிற்கிறவனைவிட வருகிறான் என்று தெரிந்தவனுக்கு முகம் கொடுப்பது சுலபம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கும் காரிமங்கலத்துப் பக்கம் ஒரு நண்பன். சண்டைகூட இல்லை, நான்கு வழிச்சாலை வந்தபின் அவன் ஊர்ப் பிரிவில் காரைத் திருப்புவது நின்றுபோனது, அவ்வளவுதான். அடுத்த முறை, அடுத்த முறை என்று ஆறு வருஷம். போனபோது அவன் அம்மா சுவரில் இருந்தார். விடுதியில் இருந்த மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்பியவர். நீ பிஸியாக இருப்பாய் என்று சொல்லவில்லை என்றான் அவன். அதற்கு நான் என்ன சொல்லமுடியும்.

சரி, மீதியைச் சீக்கிரம் முடிக்கிறேன். ஒகேனக்கல் பென்னாகரத்திலிருந்து பக்கம்தான், பையன் கேட்பான். பொங்கலுக்குமுன் என்றால் கூட்டம் குறைவு, மூன்றாம் நாள் காலையில் போய்ப் பரிசல் விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு ஒரு சுற்று வரலாம். காணும் பொங்கலன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டியவன் என்று ஆளுக்கு ஒரு கல். பையனுக்கு வேறெதையும் காட்ட நேரமில்லாவிட்டாலும் இதைக் காட்டுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? இனிப்புப் பெட்டி வேண்டாம், எல்லா வீட்டிலும் யாருக்காவது சர்க்கரை இருக்கிறது. பெங்களூருவில் அன்றைக்கு அரைத்த காபித்தூள் அரைக்கிலோ வீதம் நான்கு பொட்டலம், போதும். டிக்கியைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கோணி இரண்டு, ஒரு பழைய போர்வை. தக்காளி, தேங்காய், கேழ்வரகு மாவு, பூசணிக்காய் என்று ஏறிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லலாம், இரண்டாவது முறை சொன்னால் மரியாதை இல்லை. புளி கேட்காதீர்கள், புதுப்புளி மாசிக்குமேல்தான். கேட்டால் வீட்டுக்கு வைத்திருக்கும் பழையதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் மதியத்துக்குமேல் யார் வீடும் வேண்டாம். தர்மபுரியில் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், மொரப்பூர் வழியாக விளக்கு வைக்கும் முன்பே வீட்டில் இருக்கலாம். அதற்குமேல் ஒரு அரூர்க்காரருக்கு நான் என்ன வழி சொல்வது.